பெருந்தொற்றுக் காலத்தில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியைத் திறத்தல்: நான்கு வழிகளின் ஒப்பீடு

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று வகைப்படுத்திய சில வாரங்களுக்குள், 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் வகுப்பறைகளை இழந்தார்கள். மூடும் ஆணை பெரும்பாலும் அரசுகளிடமிருந்து ஒரே நாளில் வந்தது. எப்படித் திறப்பது என்ற கேள்விக்கான விடையைத் தேடும் பொறுப்போ பல இடங்களில் அந்தந்தப் பள்ளி நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. தலைமையாசிரியர், பள்ளியை நடத்தும் துறவற சபை அல்லது மறைமாவட்டம், கட்டணம் செலுத்தும் பெற்றோர் ஆகிய மூன்று தரப்பையும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டிய கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்கு அந்தப் பொறுப்பு இன்னும் கனத்தது. அடுத்த சுவாசத் தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், அன்று மேசையில் இருந்த வழிகளை இப்போது நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

வழிகள் நான்கு. முழுவதும் இணையவழியில் கற்பித்தல். மாணவர்களில் பாதிப் பேரை மட்டும் சுழற்சி முறையில் வரவழைத்தல். அனைவரையும் வரவழைத்து, ஒன்றோடொன்று கலக்காத நிலையான குழுக்களாகப் பிரித்தல். முகக்கவசத்தை மட்டும் கட்டாயமாக்கிவிட்டுப் பழைய கால அட்டவணையையே தொடர்தல். நிர்வாகக் கூட்டங்களில் இந்த விவாதம் பெரும்பாலும் எந்தத் தேதியில் திறப்பது என்பதையே சுற்றிச் சுற்றி வரும். என் கணிப்பில், தேதியைவிட முடிவைத் தீர்மானிப்பவை இரண்டு: ஒரு மாணவர் ஒரு நாளில் எத்தனை பேரோடு ஒரே அறையில் அமர்கிறார் என்பதும், அந்த அறையின் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதும்.

உயர்நிலைப் பள்ளியின் தன்மையே இந்த இரண்டையும் சிக்கலாக்குகிறது. தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்பும் ஓர் ஆசிரியரும் நாள் முழுவதும் சேர்ந்திருப்பார்கள். உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் பாடங்களைத் தெரிவு செய்கிறார்கள். மணி அடித்தவுடன் அறை மாறுகிறார்கள். ஒரு மாணவர் ஏழு பாடங்கள் படிக்கிறார், ஒவ்வொரு பாடத்திலும் 30 பேர் வெவ்வேறு சேர்க்கையில் அமர்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அவர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் சக மாணவர்களின் எண்ணிக்கை 203 வரை போகலாம். அதே மாணவர் நாள் முழுவதும் ஒரே பிரிவில் அமர்ந்தால் அந்த எண்ணிக்கை 29-தான். பதின்ம வயதின் பிற்பகுதியில் இருப்பவர்கள் இந்த வைரஸைப் பெறுவதிலும் பரப்புவதிலும் சிறு குழந்தைகளைவிடப் பெரியவர்களையே ஒத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நான்காவது வழியின் பலவீனம் உடனே தெரிந்துவிடும்.

அது வெறும் ஊகமும் இல்லை. 2020 மே மாத நடுவில் எருசலேமில் திறக்கப்பட்ட, ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள ஒரு பெரிய பள்ளியில் பத்து நாள்களுக்குள் தொற்று வெளிப்பட்டது. வகுப்புக்கு 35 முதல் 38 மாணவர்கள் இருந்தார்கள். அந்த வாரம் கடும் வெப்ப அலை வீசியதால் முகக்கவசத்திற்கு விலக்கு அளிக்கப்பட்டது. அறைகளில் குளிர்சாதனம் தொடர்ந்து ஓடியது. பரிசோதனை முடிந்தபோது 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று உறுதியாகியிருந்தது. நெருக்கம், மூடிய அறை, கவசமின்மை ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் கூடிவந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு உயர்நிலைப் பள்ளிகளைப் பொறுத்தவரை அரிது. எனவே பழைய அட்டவணையோடு திறக்கும் வழியை இத்தோடு ஒதுக்கிவிடுகிறேன். பரவல் அநேகமாக அடங்கிவிட்ட காலத்தில் வேண்டுமானால் அது மீண்டும் மேசைக்கு வரலாம்.

முழு இணையவழிக் கல்வியின் பலம் வெளிப்படையானது. பள்ளிக் கட்டடத்திற்குள் யாரும் யாருக்கும் தொற்றைக் கொடுக்க முடியாது. மருத்துவமனைகள் நிரம்பி வழியும் வாரங்களில் இதற்கு மாற்று கிடையாது. ஆனால் இதன் விலையைக் குறைத்து மதிப்பிடுவது எளிது. நெதர்லாந்தில் எட்டு வாரப் பள்ளி மூடலுக்கு முன்னும் பின்னும் நடந்த தேசியத் தேர்வுகளை ஒப்பிட்ட ஆய்வு, மாணவர்கள் ஏறத்தாழ ஒரு கல்வியாண்டின் ஐந்தில் ஒரு பங்கு கற்றலை இழந்ததாகக் கண்டது. அதாவது வீட்டிலிருந்து படித்த காலத்தில் அவர்கள் அநேகமாக முன்னேறவே இல்லை. பெற்றோரின் படிப்பு குறைவாக இருந்த வீடுகளில் இழப்பு இன்னும் பெரிது. அந்த ஆய்வு தொடக்கப் பள்ளி மாணவர்களைப் பற்றியது என்பதால் அப்படியே உயர்நிலைப் பள்ளிக்குப் பொருத்திவிட முடியாது. இருந்தாலும் இணைய வசதி மிகச் சிறப்பாக உள்ள ஒரு நாட்டில் கிடைத்த முடிவு இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கத்தோலிக்கப் பள்ளிக்கு இதில் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. வத்திக்கானில் உள்ள திருப்பீடத்தின் துறைகளுள் ஒன்றான கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 2020 செப்டம்பர் 10 தேதியிட்டு அனுப்பிய சுற்றுமடல், தொலைவழிக் கல்வியின் தேவையை ஏற்றுக்கொண்டாலும், கல்வியின் நடுவில் மனிதரையும் மனித உறவுகளையும் வைக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. செபம், சேவை, தியானம், ஆன்ம வழிகாட்டியோடு தனியே பேசும் பத்து நிமிடம் ஆகியவை திரையின் வழியே முழுமையாக நடப்பதில்லை என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே. அதற்காக இணையவழியைக் குறைபட்ட கல்வி என்று தள்ளிவிடவும் கூடாது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த மாணவருக்கும், அத்தகைய பாட்டியோடு ஒரே வீட்டில் வாழும் மாணவருக்கும் அது ஆண்டு முழுவதும் தேவைப்படலாம். எந்த வழியைத் தெரிவு செய்தாலும் அந்தச் சிறு எண்ணிக்கையினருக்காக ஓர் இணைய வகுப்பைத் தனி ஆசிரியரோடு நடத்தியே ஆக வேண்டும்.

சுழற்சி முறைக்கு வருவோம். பெற்றோர் கூட்டத்தில் இதற்கே அதிக ஆதரவு கிடைக்கும். பாதி திறந்து பாதி மூடி எல்லோரையும் திருப்திப்படுத்துவதுபோல் அது தோன்றும். வகுப்பில் 30 பேருக்குப் பதில் 15 பேர் அமர்ந்தால் இடைவெளியும் கிடைக்கும், காற்றின் சுமையும் பாதியாகும். ஆனால் சுழற்சி என்ற ஒரே பெயரில் மிக வேறுபட்ட இரண்டு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இது பழகுவதற்கு எளிது. வைரஸின் கால ஓட்டத்தோடோ இதற்குத் தொடர்பில்லை. திங்களன்று தொற்றிய மாணவர் புதனன்று மீண்டும் வந்து வெள்ளியன்றும் வருகிறார். அதற்குள் பிறருக்குத் தொற்றைக் கொடுக்கும் நிலையை எட்டிவிடலாம். இரண்டாவது, வாரம் விட்டு வாரம். இசுரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2020-இல் முன்வைத்த சுழற்சித் திட்டத்தின் அடிப்படை இதுதான்: தொற்றிய ஒருவர் பிறருக்குப் பரப்பத் தொடங்குவதற்குச் சராசரியாக மூன்று நாள்கள் ஆகும் என்பதால், நான்கு நாள்கள் தொடர்ந்து வந்துவிட்டுப் பத்து நாள்கள் வீட்டில் இருந்தால், அவருடைய தொற்று உச்சத்தில் இருக்கும் நாள்கள் வீட்டிலேயே கழிந்துவிடும். அறிகுறி தோன்றினால் அதுவும் வீட்டிலேயே தோன்றும். ஒரே எண்ணிக்கையிலான பள்ளி நாள்களுக்கு வாரச் சுழற்சி தரும் பாதுகாப்பு நாள் சுழற்சியைவிட அதிகம் என்பதால், சுழற்சியைத் தெரிவு செய்யும் பள்ளி நாள் சுழற்சியை எண்ணிப் பார்க்கவே தேவையில்லை என்பது என் கருத்து. பிற்கால வைரஸ் திரிபுகளில் இந்த இடைவெளி சுருங்கியது. ஆகவே அடுத்த தொற்று எதுவாயினும், தொற்றியவர் பரப்பத் தொடங்க எத்தனை நாள்கள் ஆகும் என்பதை அறிந்த பிறகே நாள்களின் எண்ணிக்கையை வகுக்க வேண்டும்.

சுழற்சியை வகுக்கும்போது குடும்பத்தையே அலகாகக் கொள்ள வேண்டும். அண்ணன் முதல் வாரமும் தங்கை இரண்டாம் வாரமும் வந்தால், இரு குழுக்களையும் அந்த வீட்டின் சாப்பாட்டு மேசை இணைத்துவிடும். உடன்பிறந்தோர் சேர்ந்து படிப்பது வழக்கமான கத்தோலிக்கப் பள்ளிகளில் இது சிறிய விவரமாக இருப்பதில்லை. அகர வரிசையில் குடும்பப் பெயரைக் கொண்டு பிரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சுழற்சியின் உண்மையான சிக்கல் ஆசிரியரின் மேசையில் இருக்கிறது. பாதி மாணவர்கள் எதிரில், பாதிப் பேர் மடிக்கணினித் திரையில். கரும்பலகையில் எழுதினால் படக்கருவியில் தெரிவதில்லை, திரையைப் பார்த்துப் பேசினால் எதிரில் இருப்பவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். திரையில் ஒரு மாணவி கையுயர்த்தி மூன்று நிமிடங்களாகக் காத்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் கற்பிக்கும் இந்த ஏற்பாடு, ஒப்பீட்டில் உள்ள எல்லா வழிகளிலும் ஆசிரியரை மிக விரைவாகக் களைக்கச் செய்வது. வீட்டில் இருக்கும் வாரத்தை வாசிப்பு, எழுத்துப் பணி, ஒப்படைப்பு ஆகியவற்றுக்கென ஒதுக்கி, நேரடி வாரத்தில் மட்டும் கற்பித்தால் பாடத்திட்டத்தின் வேகம் குறையும் என்பது உண்மைதான். வேகத்தை இழப்பதா, ஆசிரியரை இழப்பதா என்று வந்தால் முதலாவதையே தாங்கிக்கொள்ள முடியும்.

அனைவரையும் நிலையான குழுக்களாக வரவழைக்கும் மூன்றாவது வழிக்குக் கால அட்டவணையைத் தரையிலிருந்து மீண்டும் எழுத வேண்டும். இங்கே இரண்டு உத்திகள் உண்டு. கட்டாயப் பாடங்கள் மட்டுமே உள்ள கீழ் வகுப்புகளில் மாணவர்கள் ஓர் அறையிலேயே இருக்க, ஆசிரியர்கள் அறை மாறலாம். விருப்பப் பாடங்கள் நிறைந்த மேல் வகுப்புகளில் அது நடக்காது. அங்கே ஏழு பாடங்களையும் ஆண்டு முழுவதும் நீட்டிக்காமல், ஒரு நேரத்தில் இரண்டு பாடங்களை மட்டும் நீண்ட பாடவேளைகளில் சில வாரங்களுக்கு நடத்தி முடித்துவிட்டு அடுத்த இரண்டுக்குச் செல்லலாம். முன்பு சொன்ன கணக்கில் 203 என்ற எண் இப்போது 58 ஆகிறது. குறையும் உண்டு: கணிதத்தை இலையுதிர் காலத்தில் முடித்த மாணவர் இறுதித் தேர்வை எழுதும்போது பல மாதங்கள் கடந்திருக்கும், அயல்மொழியும் இசைக்கருவியும் தொடர் பயிற்சி இல்லாமல் நிற்பதில்லை. இவற்றுக்கு வாரம் ஒருமுறை இணையவழியில் ஒரு பயிற்சி வேளை வைத்தால் ஓரளவு ஈடுகட்டலாம்.

குழு முறையை உடைப்பவை வகுப்பறைகள் அல்ல. காலையில் வாயிற்கதவு, இடைவேளையில் கழிப்பறை, மதியம் உணவுக்கூடம், மாலையில் விளையாட்டு அணி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிப் பேருந்து: குழுக்கள் கலப்பது இங்கேதான். முகக்கவசம் கழற்றப்படும் ஒரே இடம் உணவுக்கூடம் என்பதால், எஞ்சிய நாள் முழுவதும் கடைப்பிடித்த ஒழுங்கை அந்த அரை மணி நேரம் வீணாக்கிவிடக்கூடும். திறந்தவெளியில் குழு குழுவாக உண்பது முதல் தெரிவு. முடியாதபோது சொந்த வகுப்பறையில், சன்னல்களைத் திறந்து, முதல் பதினைந்து நிமிடம் பேசாமல் உண்பது இரண்டாவது தெரிவு. பல துறவற மடங்களில் வாசிப்பைக் கேட்டபடி அமைதியாக உண்ணும் மரபு இன்றும் இருக்கிறது. அதை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இனி காற்றைப் பற்றி. 2020-இன் பெரும்பகுதியில் பள்ளிகள் தங்கள் பணத்தையும் நேரத்தையும் மேசைகளைத் துடைப்பதில் செலவிட்டன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட குறிப்பு, அசுத்தமான பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு ஒவ்வொரு தொடுதலுக்கும் 10,000-இல் ஒன்றைவிடக் குறைவு என்று மதிப்பிட்டது. கைகழுவுதல் தொடரட்டும், இரவு முழுவதும் கிருமிநாசினிப் புகை அடிப்பதும், மேசைக்கு மேசை நெகிழித் தடுப்பு வைத்துக் காற்றோட்டத்தைத் தடுப்பதும் வேண்டாம்.

ஒரு சாதாரண வகுப்பறையை எடுத்துக்கொள்வோம்: நீளம் 9 மீட்டர், அகலம் 7 மீட்டர், உயரம் 3 மீட்டர், கொள்ளளவு 189 கன மீட்டர். பிறர் வெளிவிட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதைக் கார்பன் டை ஆக்சைடின் அளவு காட்டிவிடும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கும். 30 பதின்ம வயதினர் மூடிய அறையில் அமர்ந்தால் மேசை மீதுள்ள அளவுமானி அரை மணி நேரத்திற்குள் 1,500-ஐத் தாண்டிவிடும். சன்னலையும் எதிர்ப்புறக் கதவையும் சேர்த்துத் திறந்தால் சில நிமிடங்களிலேயே எண் இறங்குவதைக் கண்ணால் காணலாம். அளவை 800-க்குள் வைத்திருக்க வேண்டுமானால் 30 பேர் உள்ள அந்த அறையின் காற்று மணிக்கு ஏழெட்டு முறை மாற வேண்டும்; 15 பேர் மட்டும் இருந்தால் நான்கு முறை போதும். சுழற்சி முறைக்கும் முழுத் திறப்புக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு இந்த இரு எண்களில்தான் இருக்கிறது. பழைய கல் கட்டடத்தில், ஒருபுறம் மட்டுமே சன்னல் உள்ள அறைகளைக் கொண்ட பள்ளி, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சுழற்சியை நோக்கித் தள்ளப்படும்.

வடிகட்டிகள் இந்தக் கணக்கை மாற்ற வல்லவை. ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 470 கன மீட்டர் தூய காற்றைத் தரும் இரண்டு கருவிகள் அந்த அறையின் காற்றை மணிக்கு ஐந்து முறை வடிகட்டிவிடும். 2020-இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் இருவரின் பெயரால் பரவிய எளிய அமைப்பு, ஒரு பெட்டி விசிறியையும் மெர்வ் 13 தர (வடிகட்டும் திறனைக் குறிக்கும் அளவீடு) வடிகட்டி அட்டைகள் நான்கையும் ஒட்டுநாடாவால் இணைப்பது. இயற்பியல் ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்களே அதைச் செய்துவிடலாம். இரண்டு எச்சரிக்கைகள். வடிகட்டி வைரஸ் துகள்களைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. எனவே வடிகட்டி ஓடும் அறையில் அளவுமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து அறையை எடைபோடக் கூடாது. அடுத்து, உச்ச வேகத்தில் கருவி எழுப்பும் இரைச்சலில் ஆசிரியர் குரலை உயர்த்துவார். இரண்டாம் நாள் அதை அணைத்துவிடுவார். பெரிய கருவியை வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுவதே நடைமுறையில் நிலைக்கும்.

அறையில் மிக நீண்ட நேரம், மிக உரக்கப் பேசுபவர் ஆசிரியரே என்பதால் அவருடைய முகக்கவசம் மாணவர்களின் கவசத்தைவிட முக்கியமானது. 2021 மே மாதத்தில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில், தடுப்பூசி போடாத ஆசிரியர் ஒருவர் அறிகுறிகளோடு இரண்டு நாள்கள் பணிக்கு வந்து, கவசத்தைக் கழற்றி உரக்க வாசித்ததைத் தொடர்ந்து, அந்த வகுப்பின் 24 மாணவர்களில் 12 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. முன் வரிசைகளில் இருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கவசத்தைப் போலவே இதில் இன்னொரு பாடமும் உள்ளது. பணியாளர் எண்ணிக்கை குறைவாக உள்ள பள்ளியில், காய்ச்சலோடு வரும் ஆசிரியர் கடமையுணர்வால்தான் வருகிறார். அவரை வீட்டில் இருக்கச் செய்வதற்கு மாற்று ஆசிரியரும் ஊதியத்தோடு கூடிய விடுப்பும் தேவை, சுற்றறிக்கை போதாது.

வழிபாடு பற்றிய முடிவுகளைத் தனியே எடுக்க வேண்டும். ஏனெனில் குழு முறையில் திறக்கும் பள்ளி, முதல் வெள்ளியன்று முழுப் பள்ளியையும் திருப்பலிக்குக் கூட்டினால் எல்லாக் குழுக்களும் அன்றே ஒன்றாகிவிடும். நான்கு மாற்றுகள் இருக்கின்றன. சிற்றாலயத்தில் ஒரு குழு மட்டும் பங்கேற்க, பிறர் வகுப்பறைத் திரையில் காண்பது, திறந்தவெளித் திருப்பலி, பங்கு ஆலயத்தில், அதாவது அப்பகுதிக் கத்தோலிக்கரின் பொது ஆலயத்தில், வகுப்பு வாரியாக நாள் பிரித்து நடத்துவது, திருப்பலியைத் தள்ளிவைத்து வகுப்பறையில் இறைவார்த்தை வழிபாடு நடத்துவது. திரை வழித் திருப்பலி மிகப் பாதுகாப்பானது. ஆனால் நற்கருணை விருந்தில் பங்குபெற முடியாத திருப்பலிக்கு மாணவர்கள் பழகிவிடுவது ஆயர்களையும் கவலையில் ஆழ்த்தியது. திருவழிபாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் சாரா 2020 ஆகஸ்ட் 15 தேதியிட்ட மடலில், நிலைமை அனுமதித்தவுடன் நேரடிப் பங்கேற்புக்குத் திரும்ப வேண்டும் என்றும், ஒளிபரப்பு அதற்கு ஈடாகாது என்றும் எழுதினார்.

பங்கு ஆலயம் அருகில் இருக்கும் பள்ளிக்கு மூன்றாவது மாற்றையே நான் பரிந்துரைப்பேன். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம் உள்ள ஆலயத்தின் கொள்ளளவு 4,500 கன மீட்டர். 120 பேர் அமர்ந்தால் ஒருவருக்கு 37 கன மீட்டருக்கும் மேல் காற்று கிடைக்கும். வகுப்பறையில் அது ஆறுதான். கதவுகளைத் திறந்து, கவசம் அணிந்து, நாற்பது நிமிடத்தில் முடிக்கும் திருப்பலி, வழக்கமான இரட்டைப் பாடவேளையைவிட ஆபத்து குறைந்தது. இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் ஆலயத்தையே வகுப்பறையாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1210-ஆம் விதிப்படி புனித இடத்தில் வழிபாட்டுக்குரியவையே நடக்க வேண்டும். இடத்தின் புனிதத்திற்கு முரணாகாத பிற பயன்பாட்டை அந்தந்த நிகழ்வுக்கு ஆயர் அனுமதிக்கலாம். ஆகவே முதலில் பங்கு மண்டபத்தைக் கேட்பதே முறை. ஆயரின் அனுமதி தேவைப்படும் நிலை அதன் பிறகுதான் வரும்.

பாடகர் குழுவைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. கடைசியாகத் திரும்ப வேண்டியது அதுதான். 2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் பள்ளத்தாக்கில் இரண்டரை மணி நேரம் நடந்த பாடற்பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றார்கள்; இருவர் இறந்தார்கள். மூடிய அறையில் சேர்ந்து பாடுவது எவ்வளவு துகள்களை வெளியேற்றும் என்பதற்கு அதற்குமேல் சான்று தேவையில்லை. ஒரு தனிக்குரலும் ஆர்கன் இசையும் போதும்.

சில நடைமுறைகளை உரோமையே எளிதாக்கிக் கொடுத்தது. 2021 ஜனவரியில் வந்த குறிப்பின்படி, திருநீற்றுப் புதனன்று அருள்பணியாளர் சாம்பலை ஆசீர்வதித்து, அதற்குரிய வழிபாட்டு வாசகத்தை அனைவருக்கும் பொதுவாக ஒரேமுறை சொல்லிவிட்டு, கைகளைச் சுத்தம் செய்து, கவசம் அணிந்து, வார்த்தையின்றி ஒவ்வொருவர் தலையிலும் சாம்பலைத் தூவலாம். அருள்பணியாளரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திற்கு அத்தகைய எளிய விடை இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்பது பள்ளி வளாகத்திலேயே மிகச் சிறிய, மிகக் காற்றோட்டமற்ற அறை. இருவரையும் வெளியே கொண்டுவந்து இரண்டு மீட்டர் தள்ளி அமர்த்தினால் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். இரகசியம் காக்கும் கடமைக்கு அது இடர். மைதானத்தின் ஒரு மூலையில், பிறர் இருபது மீட்டருக்கு அப்பால் வரிசையில் நிற்குமாறு செய்வதே இரண்டையும் காக்கும். தீர்த்தத் தொட்டிகளைக் காலியாக வைப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கத் தேவையில்லை.

பள்ளியை ஒட்டியிருக்கும் கன்னியர் இல்லம் பல திட்டங்களில் விடுபட்டுப் போகிறது. கற்பிக்கும் அருள்சகோதரி மாலையில் திரும்பும் உணவு மேசையில் ஓய்வுபெற்ற எண்பது வயதுச் சகோதரிகள் அமர்கிறார்கள். 2020-இல் மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் ஃபெலிசியன் சகோதரிகளின் ஒரே இல்லத்தில் சில மாதங்களுக்குள் 13 பேர் கோவிட்டால் இறந்தார்கள். அந்தத் தொற்று பள்ளியிலிருந்து வந்ததல்ல. ஆனால் முதியோர் நிறைந்த துறவற இல்லத்திற்குள் வைரஸ் நுழைந்தால் நேர்வதை அது காட்டியது. மூன்றாவது வழியைத் தெரிவு செய்யும் சபை, கற்பிக்கும் சகோதரிகளுக்கு அந்தக் கல்வியாண்டுக்கு மட்டும் தனித் தங்குமிடமும் தனிச் சமையலும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். அதற்கு வழியில்லாவிட்டால், அவர்கள் இணைய வகுப்புப் பிரிவை ஏற்று நடத்தலாம். முன்பு சொன்ன தனி ஆசிரியர் தேவையும் இதனால் நிறைவேறும்.

தடுப்பூசி வந்த பிறகு ஒப்பீடு மாறியது. கருத்து மோதல் மாறவில்லை. தடுப்பூசி ஆய்விலும் உற்பத்தியிலும் கருக்கலைப்பிலிருந்து பெற்ற உயிரணுத் தொடர்களைப் பயன்படுத்துவது குறித்துக் கத்தோலிக்கப் பெற்றோர் எழுப்பிய கேள்விக்கு, வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 அன்று பதில் அளித்தது: அறநெறிக் குறையற்ற மாற்று கிடைக்காதபோது அத்தகைய தடுப்பூசிகளைப் பெறுவது அறநெறிப்படி ஏற்கத்தக்கது, தடுப்பூசி தன்விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும், மனச்சான்றின் பொருட்டு மறுப்பவர்கள் தங்களால் பிறருக்குத் தொற்று பரவாதிருக்க இயன்ற அனைத்தையும் செய்ய வேண்டும். இந்தக் குறிப்பின் முதல் பகுதியை ஒரு தரப்பும் இரண்டாம் பகுதியை மறு தரப்பும் மேற்கோள் காட்டிவிட்டு, மூன்றாம் பகுதியை இரு தரப்பும் விட்டுவிடுவதுண்டு. பள்ளிக்குப் பயன்படுவது அந்த மூன்றாம் பகுதியே. தடுப்பூசி போடாத ஆசிரியருக்குத் தரமான என்95 கவசமும் அடிக்கடி பரிசோதனையும் கேட்பது அந்தக் குறிப்போடு முற்றிலும் இசைந்தது.

பரிசோதனை, மூன்றாவது வழியின் மிகப் பெரிய குறையை ஈடு செய்கிறது. ஒருவருக்குத் தொற்று வந்தால் குழு முழுவதையும் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பினால், ஆண்டு முடிவதற்குள் பல குழுக்கள் மூன்று நான்கு முறை வீட்டுக்குப் போயிருக்கும். இங்கிலாந்தில் 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை 201 பள்ளிகளில் நடந்த சோதனையில், தொடர்பில் இருந்தவர்களைத் தனிமைப்படுத்தாமல் தினமும் விரைவுப் பரிசோதனை செய்து பள்ளியிலேயே இருக்க அனுமதித்தார்கள். பத்து நாள் தனிமைப்படுத்திய பள்ளிகளோடு ஒப்பிட்டபோது அறிகுறியுள்ள தொற்று வேறுபாடின்றி ஒரே அளவில் இருந்தது. விரைவுப் பரிசோதனை அட்டைகள் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் இதை நான் தயக்கமின்றி ஏற்பேன்.

ஆகவே என் வரிசை இது. இருபுறக் காற்றோட்டமோ போதிய வடிகட்டிகளோ உள்ள பள்ளிக்கு, நீண்ட பாடவேளை அட்டவணையோடு நிலையான குழுக்கள். அவை இல்லாத பள்ளிக்கு, அவற்றைப் பெறும்வரை வாரச் சுழற்சி. மருத்துவமனைகள் திணறும் வாரங்களில் இணையவழி. இவற்றுக்கிடையே எப்போது மாறுவது என்பதைத் திறப்பதற்கு முன்பே எழுதி, பெற்றோருக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரே குழுவில் ஒன்றோடொன்று தொடர்புள்ள இரு தொற்றுகள் தோன்றினால் அக்குழு இணையவழிக்கு மாறும். தொடர்பே காண முடியாத தொற்றுகள் இரு குழுக்களில் தோன்றினால் அந்த வகுப்பு நிலை முழுவதும் மாறும். மாற்று ஆசிரியர் கிடைக்காத நிலை வந்தால் தொற்றின் எண்ணிக்கை எதுவாயினும் பள்ளி மாறும். இந்த வரம்புகள் பள்ளிக்குப் பள்ளி வேறுபடலாம். அவை எழுத்தில் இல்லாவிட்டால், முடிவெடுக்கும் வாரத்தில் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் பெற்றோரின் தொலைபேசி அழைப்பே முடிவெடுக்கும். பள்ளியைத் தற்காலிகமாக மூடும் அதிகாரத்தையும் மறைமாவட்டக் கல்விக் குழுவின் அடுத்த கூட்டத்திற்காகக் காத்திருக்க வைக்காமல், தலைமையாசிரியரிடமும் ஒரு மருத்துவரிடமும் சேர்த்து ஒப்படைத்து, 48 மணி நேரத்திற்குள் ஆயரின் அலுவலகத்திற்குத் தெரிவித்தால் போதும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.